இலை வாடுவதற்குள்: வாடிப்பட்டிப் பக்கத்துக் கொய்யாவும் மதுரைப் பழக்கடைகளும்

கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் பனகல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி வாங்குவது ஆப்பிள். கல்யாணச் சீர்த்தட்டில் கோபுரமாக அடுக்குவதும் ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளைதான். ஆப்பிள் காஷ்மீரிலிருந்தோ இமாசலத்திலிருந்தோ வருகிறது, சில மாதங்களில் கடல் தாண்டியும் வருகிறது. சிறுமலை அடிவாரத்தில், மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் காய்க்கும் கொய்யா அந்தத் தட்டில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

என் அப்பா சிம்மக்கல்லில் தள்ளுவண்டியில் பழம் விற்றவர். வண்டியின் முக்கால் பாகம் ஆப்பிளும் சாத்துக்குடியும் இருக்கும். கொய்யா ஓரத்தில் அரைக் கூடை. ஏன் என்று கேட்டால், "ஆப்பிள் நம்மளத் தூங்க விடும், கொய்யா தூங்க விடாது" என்பார். பிறகு நான் ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் படித்து, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சிறு தோட்டக்காரர் குழுவுக்கு ஒருங்கிணைப்பு வேலை பார்க்கப் போனேன். அங்கே என் முதல் இரண்டு வருடங்கள் அப்பாவின் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதிலேயே போயின. அந்த இரண்டு பருவங்களில் நடந்ததை, சொதப்பியதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

குழுவில் 11 தோட்டக்காரர்கள். எல்லாரும் லக்னோ-49 என்ற கொய்யா ரகம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் அதோடு புதிதாகத் தைவான் பிங்க் ரகமும் நட்டிருந்தார்கள். மதுரையில் முதலில் 6 கடைகள் சேர்ந்தன: பனகல் சாலையில் இரண்டு, அண்ணா நகரில் ஒன்று, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒன்று, இரண்டு தள்ளுவண்டிகள். அப்பாவின் பழைய சிநேகிதர்கள் இல்லாவிட்டால் இதில் பாதிகூடச் சேர்ந்திருக்காது.

முதல் பருவம்: பேனர்

தேவையைக் கூட்ட வேண்டும் என்றால் விளம்பரம்தான் என்று நாங்கள் நினைத்தோம். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. வாஷிங்டன் ஆப்பிளின் ஸ்டிக்கரை மதுரையில் சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். அமெரிக்காவில் அந்த மாநிலத்துத் தோட்டக்காரர்கள் 1937-லேயே ஆணையம் அமைத்து, பெட்டிக்கு இவ்வளவு என்று காசு போட்டுத் தங்கள் பழத்துக்குப் பேர் வாங்கியவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நாமக்கல் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் விலை அறிவித்தது, தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டது. வியாபாரி சொன்னதுதான் விலை என்றிருந்த பண்ணைக்காரர்களுக்கு அது ஒரு பிடிமானம். முட்டைக்கு முடிந்தது கொய்யாவுக்கு ஏன் முடியாது?

முடியவில்லை. வைட்டமின் சி ஆரஞ்சைவிட நான்கு மடங்கு என்று பேனர் அடித்தோம். தகவல் சரியானதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது, நடுத்தரக் கொய்யா ஒன்றிலேயே அது தேறிவிடும் என்பதையும் துண்டுப் பிரசுரத்தில் போட்டோம். ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியில் கிடந்ததோ நேற்று முன்தினம் மதியம் பறித்து, கமிஷன் மண்டி ஏலத்தில் உருண்டு, அடியில் கன்றிப்போய், மேலே இரண்டு மட்டும் மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்த கொய்யா. பேனர் சரக்கைப் பற்றி நல்லபடியாகப் பேசப் பேச, அந்தச் சரக்கின் லட்சணம் இன்னும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

நாமக்கல் கணக்கு ஏன் இங்கே பொருந்தவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு முட்டை இன்னொரு முட்டை மாதிரியேதான் இருக்கும், ஒரு வாரம் கிடந்தாலும் கடைக்காரருக்கு நஷ்டமில்லை. கொய்யா பறித்த பிறகும் பழுத்துக்கொண்டே போகிற சாதி. மரத்தில் பச்சை வெளிறும்போது பறித்தால் மூன்றாம் நாள் மஞ்சள், நான்காம் நாள் வாசனை தெருமுனைக்கு வரும், ஐந்தாம் நாள் மாட்டுக்கு.

பனகல் சாலையில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "தம்பி, பேனரு நல்லாருக்கு. அழுகுனத ஒங்க பேனருல கட்டித் தூக்கிப் போடவா? ரெண்டு பெட்டி எடு, ரெண்டு பெட்டி எடுங்கிறீக. ரெண்டாவது பெட்டியில மிஞ்சுறது யாரு கணக்குல?"

மிஞ்சுவது யார் கணக்கில்

அன்று ராத்திரி அவர் கடையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பெட்டி 20 கிலோ, கிலோ 40 ரூபாய்க்கு எடுத்து 60-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனையும் விற்றால் கைக்கு 400 ரூபாய். மூன்று கிலோ அழுகினால் அது 220 ஆகிவிடும். நடப்பதோ இதற்கும் கீழே. மூன்று கிலோ குப்பைக்குப் போக, இன்னொரு நான்கு கிலோவைச் சாயங்காலம் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். அப்போது மிஞ்சுவது 100 ரூபாய். அதில் கடை வாடகை, கரண்ட், கைமாற்று வாங்கின பணத்துக்கு வட்டி. அதே முதலை ஆப்பிளில் போட்டால் பத்து நாள் நிம்மதி.

20 கிலோவில் மூன்று கிலோ என்பது நான் மிகைப்படுத்திய எண் இல்லை. அறுவடைக்குப் பிந்தைய இழப்பைப் பற்றி லூதியானாவில் இருக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஃபெட் 2015-ல் தந்த அறிக்கையில் கொய்யாவின் இழப்பு 15.88 சதவீதம். மாம்பழத்துக்கு 9.16, வாழைக்கு 7.76. அவர்கள் கணக்கெடுத்த பழங்களில் கொய்யாதான் முதலிடம். அறிக்கை தோட்டத்திலிருந்து கடை வரைக்குமான மொத்த இழப்பைச் சொல்கிறது. அந்த மொத்தத்தில் பெரும்பங்கு கடைசியில் நிற்கிறவர் தலையில் விடிகிறது என்பதைத்தான் பாய் சொன்னார்.

ஆக, மதுரைக்காரர்களுக்குக் கொய்யா பிடிக்கவில்லை என்பது பிரச்சினையே இல்லை. பிடிக்கிறது என்று தெரிந்தும் கடைக்காரர் இரண்டாவது பெட்டியை எடுக்கப் பயப்படுகிறார். எடுக்காததால் கண்ணில் படுவதில்லை, கண்ணில் படாததால் வாங்குவதில்லை. தேவை குறைவு என்று நாங்கள் எழுதிவைத்திருந்த இடத்தில் பயம் என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாம் பருவத்துக்கு முன்னால் 11 தோட்டக்காரர்களையும் 6 கடைக்காரர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தோம். வாடிப்பட்டியில் ஒரு தோப்பில், மதியச் சாப்பாட்டோடு. இவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் அதுவரை பார்த்ததே கிடையாது. இடையில் எப்போதும் ஏலம் இருந்ததால் பார்க்கத் தேவையும் இருந்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் சண்டை. "அடியில பொடிசப் போட்டு மேல பெருசா அடுக்குறது யாரு?" என்று கடைக்காரர்கள், "வெயில்ல வச்சு வதக்கிட்டு எங்களச் சொல்றீகளா?" என்று தோட்டக்காரர்கள். சாப்பாடு நன்றாக இருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் வந்த ஒப்பந்தம் ஒரு பக்கக் காகிதத்தில் அடங்கியது. பெட்டிக்கு முதல் ஒரு கிலோ கழிவு கடைக்காரருடையது. அதற்கு மேல் போனால் பாதி தோட்டக்காரர், பாதி கடைக்காரர். கழிவை மறுநாள் ராத்திரிக்குள் தராசில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட வேண்டும். பதிலுக்குக் கடைக்காரர் கொய்யாவை ஓரத்திலிருந்து எடுத்து முன் வரிசையில் நிழலில் வைக்க வேண்டும், பணத்தை மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். விலையை ஏல விலைக்கும் உழவர் சந்தை விலைப் பலகைக்கும் நடுவில் வைத்து வாரத்துக்கு ஒருமுறை முடிவு செய்வது.

உழவர் சந்தையைச் சொன்னதால் ஒரு வார்த்தை. முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அங்கேயே நேரடியாக விற்றால் என்ன என்று எங்களை நிறையப் பேர் கேட்டார்கள். கீரையும் கத்தரிக்காயும் தினமும் பத்து, இருபது கிலோ பறிக்கிறவருக்கு அது அருமையான இடம். தோப்பு வைத்திருப்பவருக்கு ஒரே வாரத்தில் மொத்தமும் வந்து நிற்கும். அவரே தராசு பிடித்து விடியற்காலையிலிருந்து உட்கார்ந்தால் மரத்தில் பறிக்க ஆள் இருக்காது. அந்த விலைப் பலகை மட்டும் எங்களுக்கு மிகவும் உதவியது. இரண்டு தரப்பும் நம்புகிற ஓர் எண், யாருடைய வாயிலிருந்தும் வராத எண் அது ஒன்றுதான்.

இலை

பறிக்கும் நேரத்தை மாற்றியதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை என்று இன்று தோன்றுகிறது. ஏலத்துக்கு என்றால் முந்தின நாள் மதியமே பறித்து, சாக்குப் படுதாவின் கீழே சூட்டோடு கிடக்கும். நாங்கள் முதல் வெளிச்சத்தில் பறிக்கத் தொடங்கினோம். காம்போடு, இரண்டு இலை சேர்த்து, இழுக்காமல் கத்தரித்து. அடியில் செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் போடாமல் குட்டி யானையில் ஏற்றினால் எட்டு மணிக்குக் கடையில் இறங்கிவிடும்.

இலையோடு பறிப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பழனிப் பக்கம் ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் காலங்காலமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த இலை என்ன சொல்கிறது என்பதை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் மெனக்கெட்டதில்லை. காலையில் பறித்த இலை சாயங்காலம் வரை விறைப்பாக நிற்கும், மறுநாள் சுருண்டுவிடும். ஸ்டிக்கரை எந்தப் பழத்தின் மேலும் எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். கொய்யா இலையை அப்படி ஏமாற்ற முடியாது. பேனரைக் கழற்றிவிட்டு ஓர் அட்டையில் "இலையைப் பாத்து வாங்குங்க" என்று மட்டும் எழுதி வைத்தோம். அட்டை செலவு பத்து ரூபாய்.

இன்னொன்று, கொய்யாவுக்கு ஒரு வாடிக்கையாளர் இல்லை, இரண்டு பேர் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலும் காலேஜ் வாசலிலும் கேட்பது செங்காய். நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால் கறுக் கறுக்கென்று இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்குகிற பெரியவர்கள் கேட்பது கையில் அமுங்கும் பழம். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பினால் இரண்டு பேருக்குமே பாதிப் பெட்டி கழிவாகத்தான் தெரியும். மாட்டுத்தாவணிக் கடைக்குச் செங்காய்ப் பெட்டி மட்டும், பனகல் சாலைக்குப் பழமும் செங்காயும் பாதிப் பாதி என்று பிரித்தோம். கடைக்காரர் முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸப்பில் குரல் பதிவு போடுவார், "நாளைக்குச் செங்கா மூணு, பழம் ஒண்ணு" என்று. அதைக் கேட்டுத்தான் விடியற்காலை எந்த மரத்தில் கை வைப்பது என்று முடிவாகும்.

பாய் ஒரு பெட்டியிலிருந்து மூன்றுக்கு வந்தார். மாட்டுத்தாவணிக் கடை சனி, ஞாயிறில் ஐந்து வரை எடுத்தது. தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவர் ஒரு வாரத்தில் விலகினார். வெயிலில் சுற்றுகிற வண்டிக்கு இலை மதியத்துக்குள் வாடிவிடுகிறது, "இலை வாடிருச்சேன்னு கேக்குறாகண்ணே, அதுக்கு இலையப் பிச்சுட்டே வித்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம். வண்டிக்கு ஏற்ற வழி எங்களிடம் இன்றும் இல்லை.

இரண்டு முறை கவிழப் பார்த்தது

முதலாவது, மழை. மழைக்காலக் காய்ப்பில் பழ ஈ வரும் என்பது தெரிந்த விஷயம்தான். காய் வெளியே தங்கமாக இருக்கும், அறுத்தால் உள்ளே புழு நெளியும். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணா நகர்க் கடையில் ஒரு அம்மா நறுக்கிய துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் காட்டிவிட்டார். கடைக்காரர் நான்கு பெட்டியையும் திருப்பி அனுப்பினார். யார் தோட்டத்துப் பழம் என்று 11 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாது, பெட்டிகள் எல்லாம் ஒரே நீலம். மறுநாளே ஒவ்வொருவர் பெட்டியின் மூலையிலும் அவரவர்க்கு ஒரு வண்ணத்தில் பெயின்ட் அடித்தோம். தோட்டங்களில் வாசனையால் ஆண் ஈயை இழுத்துப் பிடிக்கும் மீத்தைல் யூஜினால் பொறி தொங்கவிட்டு, கீழே விழுந்த பழத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பொறி வைப்பதில் ஒரு சங்கடம்: பக்கத்துத் தோட்டக்காரர் வைக்காவிட்டால் நம் பொறி அவர் ஈக்கும் சேர்த்து உழைக்கும். குழுவுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பொறி வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் செலவை யார் தாங்குவது என்று ஒரு வாரம் சண்டை.

இரண்டாவது, ஆயுத பூஜை. படையலுக்குக் கொய்யா கேட்பார்கள், ஏல விலை திடீரென ஏறும். அந்த வாரம் இரண்டு தோட்டக்காரர்கள் எங்களுக்குச் சொல்லாமல் சரக்கை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வருடத்தில் நல்ல வியாபாரம் நடக்கும் நான்கு நாளில் கடைகள் முன் வரிசை காலியாக நின்றன. பாய்க்கு வந்த கோபம் நியாயமானது: "மழையில கழிவப் பாதி நான் தாங்குனேன்ல? வெல ஏறுனா மட்டும் ஒங்களுக்கு என்னையத் தெரியாது?" அனுப்பியவர்களில் ஒருவரான அக்காவின் பதிலிலும் நியாயம் இருந்தது. பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் கடைசித் தேதி, ஒரே நாளில் வாரச் சம்பாத்தியம் வருகிறதென்றால் யார்தான் விடுவார்? வாரத்துக்கு ஒரு விலை என்று பூஜை வாரத்திலும் பிடித்துத் தொங்கியது எங்கள் முட்டாள்தனம். விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, பொங்கல், இந்த மூன்று வாரங்களுக்கு மட்டும் தினசரி விலை என்று காகிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். எடுக்கிற அளவில் பாதியாவது கட்டாயம் கடைக்கு வர வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி.

மண்டிக்காரர்

இந்த மாதிரிக் கதைகளில் கமிஷன் மண்டிக்காரரை வில்லனாக்குவது வழக்கம். நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை என்று பட்டியல் போட்டால் கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் குழுவில் சேர மறுத்த தோட்டக்காரர்களிடம் காரணம் கேட்டால் பதில் ஒன்றுதான். மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பெண் கல்யாணத்துக்கு, மோட்டார் ரிப்பேருக்கு, ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டால் கொடுக்கிறவர் அவர். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் ஓர் அமைப்புக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் ராத்திரி பதினோரு மணிக்கு வராது.

வசூலிலும் இதே பாடம். மூன்று நாளில் பணம் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. நடைமுறையில் கடை கடையாக ஏறி இறங்கியது நான்தான். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தினமும் நிறையப் பெட்டிகள் எடுப்பதாகச் சொல்லி வந்தது. 45 நாள் கடன், மிஞ்சுவதை மொத்தமாகத் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். கழிவை மறுபடியும் ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிற ஏற்பாடு, இந்த முறை தோட்டக்காரர் தலையில். கும்பிட்டு அனுப்பிவிட்டோம். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் சபலம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் வசூலுக்கு ஒரு மண்டிக்காரரையே கேட்டோம். மாட்டுத்தாவணியில் மூன்று தலைமுறையாக இருப்பவர், எந்தக் கடை எப்போது பணம் தரும் என்று அவர் கைக்கணக்கில் இருக்கிறது. ஏலம் கிடையாது, சரக்கு அவர் கடையில் இறங்காது, வசூல் மட்டும் என்று சொல்லி நூற்றுக்கு மூன்று பேசினோம். முதலில் சிரித்தார். "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு, என்னையவே எல எடுக்கக் கூப்புடுறீகளே" என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். மழை வாரங்களில் விலையில்லாத கொய்யாவை ஏலம் போட்டு அவருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, பெட்டி மேல் பெட்டி தேங்குகிறது. வசூல் இப்போது அவர் பையன் கையில், செல்போனில் நடக்கிறது. அவரிடம் முன்பணம் வாங்கிய இரண்டு தோட்டக்காரர்களை அவரே எங்களிடம் அனுப்பியிருக்கிறார், கடனை அந்த மூன்று சதவீதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. குழுவில் இப்போது 13 பேர்.

அடுத்த வேலை பருவத்தை நீட்டுவது. பூத்ததிலிருந்து பறிக்க நான்கைந்து மாதம் ஆகும். எல்லாரும் ஒரே சமயத்தில் கவாத்து செய்தால், அதாவது கிளையை வெட்டிவிட்டால், எல்லார் பெட்டியும் ஒரே சமயத்தில் நிற்கும், பிறகு இரண்டு மாதம் கடையில் கொய்யா இருக்காது. வாடிக்கையாளர் ஆப்பிளுக்குத் திரும்ப அந்த இரண்டு மாதம் போதும். தோட்டங்களை மூன்று கூறாகப் பிரித்து, மாதம் ஒரு கூறாகக் கவாத்து செய்வது, கிளையை வளைத்துக் கட்டிப் பூக்க வைப்பது என்று திட்டம். பிந்திக் காய்க்கும் கூறு யாருக்கு என்பதில்தான் இப்போது இழுபறி. முதல் கூறு மழையிலும் பழ ஈயிலும் மாட்டும், கடைசிக் கூறு பொங்கல் விலையைப் பிடிக்கும். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று ஒருவர், வருடா வருடம் சுற்றி வரட்டும் என்று இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே தோப்பில் கூடுகிறோம். இந்த முறை சமையல் கடைக்காரர்கள் பொறுப்பு. பாய் பிரியாணி என்று சொல்லியிருக்கிறார்.